ஓபலின் நடை

ஓக் ஹாலோ, ஆர்கன்சா
1951 நவம்பர் 4

அன்புள்ள வெர்னனுக்குப் பெரியப்பா ஹைரம் சொல்லி எழுதுவது.

நான் சுகம். மழை வருமுன் முழங்கால் மட்டும் எனக்குச் செய்தி அனுப்புகிறது, மற்றபடி குறை ஒன்றும் இல்லை. நீ சுகமாக இருக்கவும் வேளைக்குச் சாப்பிடவும் கர்த்தரை வேண்டிக்கொள்கிறேன். எழுதுவது வழக்கம்போல் தபால்கடை எட்னா. சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும், மெருகு போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். "நீங்க பேசற மாதிரியே எழுதினா அந்தக் கடுதாசிய ரயில்லயே ஏத்த மாட்டாங்க" என்கிறாள். அதையும் எழுதச் சொன்னேன்.

வசந்தத்தில் இந்த மலைக்குக் கரண்டு வந்தது உனக்குத் தெரியும். கன்று விற்ற காசில் ஒரு ரேடியோ வாங்கினேன். வியாழக்கிழமை இரவில் உங்கள் ஊர்ப் போலீஸ் கதை ஒன்று வருகிறது, 'முப்பத்தொன்றாம் அறை' என்று பெயர். கதை என்று சொல்வது தப்பு. கத்தல் இல்லை, துப்பாக்கி இல்லை. இரண்டு போலீஸ்காரர்கள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுகிறார்கள், கேட்கிறார்கள், ஒன்றும் கிடைக்காமல் திரும்பி வந்து ஆறிப்போன காப்பியைக் குடிக்கிறார்கள். மறுபடி கிளம்புகிறார்கள். வேலை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று எனக்குப் பிடித்துப்போயிற்று.

போன வியாழன் அவர்கள் தேடியது என் மகளை, நம் ஓபலை.

ரூபி என்று பேரை மாற்றியிருந்தார்கள். மலைநாட்டுப் பெண், யுத்த காலத்தில் விமானம் கட்டும் வேலைக்கு வந்தவள், வாடகை அறையில் இருந்தவள், ஒருநாள் காணவில்லை. ஏழு வயதுக் காய்ச்சலில் இடது கால் சூம்பியவள். எழுதப் படிக்கத் தெரியாத அப்பன் அனுப்பிய சோளப்பாகு டப்பா ஜன்னலில் திறக்காமல் இருக்கிறது. அந்த டப்பாவின் மூடியை அடித்து இறுக்கியது இந்தக் கைதான்.

இத்தனையும் வேறொரு பெண்ணுக்குப் பொருந்தலாம் என்று எட்னா சொல்கிறாள். பொருந்தட்டும். ஆனால் நடுவில் வீட்டுக்காரி சொல்கிறாள், கடைசியாக அவள் மாடி ஏறியதைத்தான் கேட்டேன் என்று. அப்போது அந்தச் சத்தத்தையே போட்டார்கள். நல்ல கால் அழுத்தமாக விழுகிறது. சூம்பிய கால் இழுபட்டு வந்து மெல்ல அமர்கிறது. அதன் பிறகு ஒரு நிறுத்தம், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. மறுபடி நல்ல கால். நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். உன் பெரியம்மா உயிரோடு இருந்திருந்தால் அவளும் எழுந்திருப்பாள்.

முடிவில் குற்றவாளியைப் பிடித்தார்கள். பால் வண்டிக்காரன் ஒருவன். வறண்ட ஆற்றுப்படுகையில் அவளைக் கண்டெடுத்தார்கள். அவனுக்கு மரண தண்டனை. 'முடிந்த வழக்குகள் மட்டுமே இந்த அறையிலிருந்து உங்களிடம் வருகின்றன' என்று ஒவ்வொரு வாரமும் சொல்லித்தான் தொடங்குகிறார்கள்.

ஆகவே முடிந்துவிட்டது, வெர்னன். நான்கு வருஷமாகக் கதவுச் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்த்தது போதும். நீ அந்த ஊரில்தான் இருக்கிறாய், ரேடியோ கம்பெனியில்தான் தச்சு வேலை செய்கிறாய். போலீஸிடம் போய் அவளை எங்கே அடக்கம் செய்திருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டு எழுது. அவள் அம்மாவுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவருவோம்.

உன் பதிலுக்காகக் கடைவாசலில் இருக்கும்,
பெரியப்பா
X (இது அவர் போட்ட குறி. எட்னா)

---

லாஸ் ஏஞ்சலிஸ்
1951 நவம்பர் 27

பிரியமுள்ள பெரியப்பாவுக்கு வெர்னன் எழுதுவது.

நான் நலம். உங்கள் முழங்காலுக்குக் கற்பூரத் தைலம் ஒரு புட்டி அனுப்பியிருக்கிறேன், கூடவே ஆரஞ்சுப் பழம் ஒரு பெட்டி. எட்னா அக்காவுக்கும் கொடுங்கள். தாமதத்துக்கு மன்னிக்கவும். இங்கே வேலை அதிகம். கதவுகளும் ஜன்னல்களும் மாடிப்படிகளும் செய்து தள்ளிக்கொண்டிருக்கிறேன். குளிர் என்று இங்கே சொல்வதைக் கேட்டால் சிரிப்பீர்கள்.

நீங்கள் எழுதியதைப் படித்தேன். ரேடியோவில் வருவதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் பெரியப்பா. எத்தனையோ மலைநாட்டுப் பெண்கள் இங்கே வந்தார்கள். என்றாலும் விசாரிக்கிறேன். போலீஸில் நான் முன்பு எழுதிக் கொடுத்தது ஒரு சார்ஜண்டிடம் இருக்கிறது. அவரைப் பார்க்க வேண்டும். பண்டிகைக் காலம், ஆள் கிடைப்பது கஷ்டம்.

பன்றி அடிக்கும் நாளில் தனியாகத் தூக்காதீர்கள். பக்கத்து வீட்டு லூதரைக் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
வெர்னன்

---

ஓக் ஹாலோ
1951 டிசம்பர் 9

அன்புள்ள வெர்னனுக்கு.

இங்கே எல்லாரும் சுகம். தைலம் வந்தது, பழமும் வந்தது. உனக்குக் கிறிஸ்துமஸ் ஆசீர்வாதம். பன்றி அடித்தாயிற்று, லூதர் வந்தான். மறுநாள் தபால்கடையில் அவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"ஏம்பா ஹைரம், ரேடியோ பொட்டிக்குள்ள ஒம்பொண்ணு கெடச்சுட்டாளாமே? எம்பசு ஒண்ணு காணோம், அதையும் அந்தப் போலீசுக்காரன்ட்ட கேட்டுச் சொல்லேன்!"

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எட்னா சிரிக்கவில்லை. நான் சொன்னேன், "லூதரு, ஒம்பசு ஒன்னப் பாத்துட்டுத்தான் ஓடிச்சு. அத எந்தப் போலீசும் திருப்பிக் கொண்டார மாட்டான்."

ஆனால் அவன் சொன்னது ராத்திரி மனசில் உருண்டது. ஆகவே அந்த நிகழ்ச்சியை முதலிலிருந்து மறுபடி நினைத்துப் பார்த்தேன். எனக்குப் படிப்பு இல்லை. அதனால் காதில் விழுந்தது எதுவும் வெளியே போவதில்லை, போனால் பிடிக்க வழி இல்லை பார். பஸ் நிலையத்தில் விசாரித்தார்கள், அடகுக்கடைகளில் விசாரித்தார்கள், சலவைக்காரன் துணியில் போட்ட அடையாளத்தை வைத்து ஒவ்வொரு சலவைக்கடையாக ஏறி இறங்கினார்கள். ஒரு இடத்தில் சின்னப் போலீஸ்காரன் கேட்கிறான், "செத்துப்போயிருந்தா என்ன சார் பண்றது?" பெரியவர் சொல்கிறார், "அப்பனுக்குத் தெரியணும்ல." இதை ஒரு நடிகனால் தானாகச் சொல்ல முடியுமா? உண்மையான மனுஷன் ஒருவன் சொல்லியிருக்க வேண்டும். அந்த மனுஷனின் கையைப் பிடித்துக்கொள்ள எனக்கு ஆசை.

தரை உறைந்துவிட்டால் கடப்பாரை இறங்காது. ஆகவே இப்போதே உன் பெரியம்மா மார்த்தாவின் பக்கத்தில் குழி வெட்டிவிட்டேன். மேலே பலகை போட்டு மூடியிருக்கிறேன். போதகர் ஸ்வீனியும் அடக்கத்துக்கு நாள் கேட்கிறார்.

எந்தக் கல்லறைத் தோட்டம் என்று மட்டும் எழுது. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

X
பெரியப்பா

---

லாஸ் ஏஞ்சலிஸ்
1952 ஜனவரி 14

பிரியமுள்ள பெரியப்பாவுக்கு,

புது வருஷ வாழ்த்துகள். நான் சுகம், சளி பிடித்து இப்போது தேவலை. உங்கள் உடம்பைப் பற்றித்தான் கவலை. இந்த வயதில் குழி வெட்டுவது என்ன வேலை பெரியப்பா? லூதர் பையன்களை விட்டு மூடச் சொல்லுங்கள். பலகை வழுக்கி யாராவது விழுந்துவிடப் போகிறார்கள்.

சார்ஜண்ட் விடுப்பில் இருக்கிறார். வந்ததும் பார்ப்பேன்.

அந்த நிகழ்ச்சியை எப்படிச் செய்கிறார்கள் என்று நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. நடிகர்கள் மைக்கின் முன்னால் தாளை வைத்துக்கொண்டு நின்று படிக்கிறார்கள். உண்மையான போலீஸ்காரர் ஒருவர் ஓரத்தில் உட்கார்ந்து, 'எங்க ஆபீஸ்ல இப்படிப் பேச மாட்டோம்' என்று திருத்துவார். தயாரிப்பாளர் பொல்லாதவர். போலீஸ் நிலையத்துக் கதவு எந்தச் சத்தத்தோடு சாத்துமோ அந்தச் சத்தம்தான் வேண்டும் என்பார். அதற்காக அங்கே இருந்த பழைய கதவு ஒன்றையே வாங்கிவந்து நான் சட்டத்தில் பொருத்தினேன். ஒரு பெட்டியில் சரளைக்கல், ஒரு பெட்டியில் மணல். மாடிப்படியும் உண்டு, ஆனால் எங்கேயும் போகாத படி. ஏறிவிட்டு மறுபக்கம் குதித்து இறங்க வேண்டும். எல்லாம் காதுக்காகச் செய்வது. அதைத்தான் சொல்ல வந்தேன். காதுக்காகச் செய்வது.

தயவுசெய்து குழியை மூடிவிடுங்கள்.

அன்புடன்,
வெர்னன்

---

ஓக் ஹாலோ
1952 ஜனவரி 27

அன்புள்ள வெர்னனுக்கு.

சளி போனது சந்தோஷம். இங்கே பனி முழங்கால் ஆழம். கோழிகள் முட்டையை மறந்துவிட்டன. நான் சுகம்.

உனக்கு வேலை அதிகம் என்பது உன் கடிதத்திலேயே தெரிகிறது. கதவைப் பற்றி அத்தனை எழுதினாய், கல்லறையைப் பற்றி ஒன்றும் இல்லை. குறை சொல்லவில்லை. ஆகவே நானே உங்கள் போலீஸுக்கு எழுத வைத்தேன். எட்னா நல்ல தாளில் எழுதினாள். "ரொம்ப நீட்டாதீங்க, அவங்களுக்கு ஆயிரம் சோலி இருக்கும்" என்றாள். ஆகவே இவ்வளவுதான்: என் மகள் ஓபல் ஸ்டால்கப் கிடைத்துவிட்டாள் என்று அறிந்தேன். நீங்கள் இத்தனை வருஷம் சளைக்காமல் தேடியதற்கு ஒரு தகப்பனின் நன்றி. இனி அவளுக்காக உழைக்க வேண்டாம், வேறு யாருடைய பிள்ளையையாவது தேடுங்கள். அவளுடைய பெட்டி உங்களிடம் இருந்தால் துணி இல்லாத பெண் யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

கீழே என் குறியைப் போட்டேன். போதகர் ஸ்வீனியும் எட்னாவும் சாட்சிக் கையெழுத்து. அவளை வீட்டுக்குக் கொண்டுவரும் விஷயத்தை அவர்கள் தலையில் போடவில்லை. அது குடும்ப வேலை. அதை நீ பார்.

நன்றி சொன்ன பிறகு மனசு லேசாக இருக்கிறது. நேற்று இரவு நடுவில் விழிக்காமல் தூங்கினேன்.

X
பெரியப்பா

---

லாஸ் ஏஞ்சலிஸ்
1952 பிப்ரவரி 1

பெரியப்பா,

இதை விமானத் தபாலில் போடுகிறேன். அந்தக் கடிதம் இன்னும் எட்னா அக்காவிடம் இருந்தால் அனுப்ப வேண்டாம். கிழித்துப் போடச் சொல்லுங்கள்.

ஓபல் அக்கா கிடைக்கவில்லை. பால் வண்டிக்காரன் என்று யாரும் இல்லை. ஆற்றுப்படுகையில் யாரையும் எடுக்கவில்லை. தண்டனையும் இல்லை. அந்த வாரம் வர வேண்டிய வழக்கை வக்கீல் ஒருவர் தடுத்துவிட்டார். கதை எழுதுகிறவருக்கு அவசரமாக இன்னொன்று தேவைப்பட்டது. காணாமல்போன பெண்ணைப் பற்றிக் கேள்விப்பட்டதை எடுத்துக்கொண்டு, முடிவில்லாமல் ஒலிபரப்ப முடியாது என்பதால் முடிவை அவரே எழுதினார். எனக்கு அது நவம்பரிலேயே தெரியும். உங்களுக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுத உட்கார்ந்தபோதெல்லாம் கதவைப் பற்றித்தான் எழுத வந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எட்னா அக்கா, இதைப் படித்துக் காட்டும்போது அவர் உட்கார்ந்திருக்கட்டும்.

வெர்னன்

---

ஓக் ஹாலோ தபால்கடை
1952 பிப்ரவரி 12

அன்பான தம்பி வெர்னனுக்கு எட்னா எழுதுவது. சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இது உன் பெரியப்பா சொல்லி எழுதுவது அல்ல.

அந்தக் கடிதம் அன்றைக்கே போய்விட்டது. நான்தான் முத்திரை குத்தினேன். உன்னுடையது வந்த அன்று அடுப்புப் பக்கத்தில் அவரை உட்காரவைத்துப் படித்தேன். முடித்ததும், "மறுபடி" என்றார். மறுபடி படித்தேன். "அந்தப் பால் வண்டிக்காரன், அவனும் இல்லையா?" என்று கேட்டார். "இல்ல ஹைரம்" என்றேன். "அவன வெறுத்துக்கிட்டு இருந்தனே" என்றார். அப்புறம் தொப்பியை எடுத்துக்கொண்டு பனியில் போய்விட்டார். லூதர் பின்னாலேயே போய்ப் பார்த்திருக்கிறான். குழியோரத்தில் பலகை மேல் உட்கார்ந்திருந்தாராம். இந்தத் தடவை லூதர் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு அழைத்துக்கொண்டு வந்தான்.

உனக்கு ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. 'கேள்விப்பட்டதை' என்று எழுதியிருக்கிறாயே, யாரிடமிருந்து என்று எழுதவில்லை. அவர் இன்னும் கேட்கவில்லை. நான் கேட்கலாமா என்று வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

போலீஸிடம் போ. இந்தத் தடவை உண்மையாகவே போ.

எட்னா

---

லாஸ் ஏஞ்சலிஸ்
1952 மார்ச் 20

பிரியமுள்ள பெரியப்பாவுக்கு,

உங்கள் சுகத்துக்குக் கடவுளை வேண்டுகிறேன். நான் இருக்கிறேன்.

போலீஸ் நிலையத்துக்குப் போனேன். சார்ஜண்ட் ஹலோரன் என்பவரிடம்தான் அக்காவின் ஃபைல் இருந்தது. வழுக்கைத் தலை, வயிற்றுப்புண், மேசை மேல் காப்பிக்குப் பதில் ஒரு கிளாஸ் பால். என்னைப் பார்த்ததும் எழுந்து கை கொடுத்தார்.

"வாப்பா. அக்கா கெடச்சுட்டாங்களாமே. ரொம்ப சந்தோசம். எங்க இருந்தாங்க?"

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் உட்கார்ந்தார். பால் கிளாஸைத் தள்ளி வைத்தார்.

"அப்பா குறி போட்டிருக்காரு, ரெண்டு சாட்சி, அதுல ஒருத்தர் போதகர். நான் என்ன செய்யட்டும்? ஃபைலக் கட்டிக் கீழ பழைய ஃபைல் வைக்கிற ரூமுக்கு அனுப்பிட்டேன்."

"எப்படிக் கெடச்சாங்கன்னு நீங்க விசாரிக்கலையா சார்?"

"தம்பி, தேடச் சொல்லி வர்றவங்கள்ல பாதிப்பேரு, ஆளு கெடச்சப்புறம் நம்மள மறந்துடுவாங்க. நாம பாட்டுக்குத் தேடிக்கிட்டே இருப்போம். ஒங்க பெரியப்பா ஒருத்தருதான் சொல்லி அனுப்பினாரு. நன்றி வேற சொல்லியிருந்தாரு. இருவத்தாறு வருசத்துல எனக்கு வந்த மொத நன்றி. அதச் செவுத்துல ஒட்டி வச்சிருக்கேன், பாரு."

ஒட்டித்தான் வைத்திருந்தார். உங்கள் குறியைப் பார்த்தேன்.

பெட்டியைப் பற்றிக் கேட்டேன். நீங்கள் சொன்னபடியே அனாதைப் பெண்கள் இல்லம் ஒன்றுக்குக் கொடுத்துவிட்டாராம். நான் அங்கேயும் போனேன். பெட்டியைத் துணிகளோடு வேலை தேடிப் போன ஒரு பெண்ணுக்குக் கொடுத்தார்களாம். அவள் எந்த ஊருக்குப் போனாள் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பெட்டிக்குள் இருந்த உங்கள் சோளப்பாகு டப்பா மட்டும் துருப்பிடித்திருந்ததால் குப்பையில் போட்டார்களாம்.

ஃபைலை மறுபடி திறக்க முடியுமா என்று கேட்டேன். "புதுசா ஏதாவது கொண்டா, தெறக்கறேன்" என்றார். "என்ன புதுசு?" என்றேன். "அதத்தான் நாலு வருசமா நானும் தேடினேன்" என்றார். வெளியே வரும்போது, "அந்த ரேடியோக் கதைய நான் கேக்கறதில்ல. எம்பொண்டாட்டி கேப்பா. அரை மணி நேரத்துல புடிச்சுடறாங்களே, நீங்க என்னத்தக் கிழிக்கிறீங்கன்னு என்னக் கேப்பா" என்றார்.

இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை பெரியப்பா.

வெர்னன்

---

ஓக் ஹாலோ
1952 மே 4

அன்புள்ள வெர்னனுக்கு.

நான் சுகம். பனி போயிற்று, டாக்வுட் மரங்கள் பூத்துவிட்டன. மலையெல்லாம் வெள்ளை. உருளைக்கிழங்கு போட்டாயிற்று. நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

பதில் சொல்ல இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் கோபம் இல்லை. யோசித்துக்கொண்டிருந்தேன். முப்பத்தொன்றாம் அறைக்காரர்கள் எப்படி யோசிப்பார்களோ அப்படி. தெரிந்ததை மட்டும் வரிசையாக வைப்பது, தெரியாததைத் தொடாமல் இருப்பது.

வழக்கு பொய். முடிவு பொய். பால் வண்டிக்காரன் பொய். ஆனால் அந்த நடை பொய் இல்லை. அது எப்படி வந்தது?

கால் சூம்பியவள் என்று போலீஸ் தாளில் எழுதியிருக்கும். நடையை எந்தத் தாளிலும் எழுத முடியாது. அவளைத் தேடிய போலீஸ்காரர் யாரும் அவள் நடந்து பார்த்ததில்லை, அவள் போன பிறகுதான் அவர்கள் வந்தார்கள். கதை எழுதுகிறவரும் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன். மார்த்தா பார்த்திருக்கிறாள், அவள் மண்ணில் இருக்கிறாள். இன்னும் ஒருவன் இருக்கிறான். உன் அப்பன் சுரங்க விபத்தில் போன பிறகு இந்த வீட்டுக்கு வந்தவன். அடுப்படிக்கு மேலே பரணில் படுத்தவன். தினமும் விடியும்போது, அவள் அடுப்பு மூட்டப் பலகைத் தரையில் நடந்து போவதைக் கேட்டு விழித்தவன்.

எங்கேயும் போகாத படி ஒன்று செய்தேன் என்று எழுதியிருந்தாய். படியைச் செய்தவன்தான் அதில் ஏறியும் இருப்பான்.

எட்னா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுது என்கிறேன்.

நீ யாரிடமோ மனசு விட்டுச் சொல்லியிருப்பாய். சொல்ல ஆள் இல்லாத ஊரில் கேட்க ஒருவன் கிடைத்தால் யாரும் சொல்லத்தான் செய்வார்கள். அதை நான் தப்பு என்று சொல்லவில்லை. நீ அதற்கு விளக்கம் எழுத வேண்டாம், எழுதினாலும் எட்னாவிடம் படிக்க வேண்டாம் என்பேன். எனக்குத் தெரியும் என்பதை நீ தெரிந்துகொண்டால் போதும். அப்போதுதான் என் கடிதத்தைப் பார்த்தால் உனக்குப் பயம் வராது.

குழியை மூடிவிட்டேன். லூதரின் கன்றுக்குட்டி உள்ளே விழுந்துவிட்டது, நான்கு பேர் கயிறு கட்டித் தூக்கினோம். காலில் அடி இல்லை. மூடும்போது மண் போதவில்லை. ஒன்றையும் உள்ளே வைக்கவில்லை, எடுத்த மண்ணைத்தான் போட்டேன், அப்படியும் ஒரு சாண் குறைகிறது. குளிர்கால மழை கொண்டுபோயிருக்கும் என்கிறான் லூதர். இருக்கும். மழை பெய்தால் அங்கே தண்ணீர் நிற்கிறது.

இந்த வீட்டில் கதவுச் சத்தம் கேட்டால் இப்போது மறுபடி திரும்பிப் பார்க்கிறேன். அந்த மூன்று மாசம்தான் திரும்பாமல் இருந்தேன்.

X
பெரியப்பா

---

லாஸ் ஏஞ்சலிஸ்
1952 ஜூன் 2

பிரியமுள்ள பெரியப்பாவுக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? நான் நலம். உங்கள் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். நீங்கள் எழுத வேண்டாம் என்றதை எழுதவில்லை.

ஜூன் 12, வியாழக்கிழமை. முடிந்தால் ரேடியோ முன்னால் உட்காருங்கள். நகைக்கடைத் திருட்டைப் பற்றிய கதை, நமக்குச் சம்பந்தமில்லாதது. அதில் போலீஸ்காரர்கள் இருவரும் ஒரு விடுதியின் கீழ்த்தளத்தில் காத்திருப்பார்கள். அப்போது யாரோ ஒரு பெண் படியேறிப் போவாள். அவளுக்குப் பேச்சில்லை, பெயரில்லை, கதையில் அவளுக்கு வேலையும் இல்லை. எழுதிய தாளில் அவள் கிடையாது. தயாரிப்பாளரிடம், காத்திருக்கும் இடம் மௌனமாக இருக்கிறது, யாராவது போனால் நிஜமாக இருக்கும் என்றேன். ஒத்துக்கொண்டார்.

உங்களுக்காகத்தான். வேறு எதுவும் என்னால் கொண்டுவர முடியவில்லை.

அன்புடன்,
வெர்னன்

---

ஓக் ஹாலோ
1952 ஜூன் 15

அன்புள்ள வெர்னனுக்கு.

நான் சுகம், உன் சுகத்துக்கு வேண்டிக்கொள்கிறேன். உருளைக்கிழங்கு பூத்திருக்கிறது.

வியாழக்கிழமை கேட்டேன். லூதரும் எட்னாவும் கூட இருந்தார்கள். அந்த இடம் வந்ததும் எட்னா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதே நடைதான் ஹைரம், அப்படியே ஓபல்தான்!" என்றான் லூதர். நான் தலையை ஆட்டிவைத்தேன். அவன் மனசைக் கெடுப்பானேன்.

உன்னிடம் மறைக்கவில்லை. காலை இழுப்பதற்கு முன்னால் நின்றாய். அவள் அப்படி நிற்க மாட்டாள். இழுத்து, கால் அமர்ந்த பிறகுதான் நிற்பாள். நவம்பரில் சரியாக நடந்தாய், மகனே. இந்த ஏழு மாசத்தில் உனக்கு அது போய்விட்டது. அது உன் குற்றம் இல்லை. நீ தினமும் எத்தனையோ பேராக நடக்க வேண்டியிருக்கிறது.

இனிமேல் செய்யாதே. இன்னொரு தடவை கேட்டால் எனக்கும் அப்படித்தான் கேட்கத் தொடங்கும். இப்போது அது என் ஒருவனிடம்தான் இருக்கிறது, எழுதி வைக்கவும் எனக்குத் தெரியாது.

ரேடியோவை லூதர் வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். விடியற்காலையில் வீடு அமைதியாக இருக்க வேண்டும்.

X
பெரியப்பா